ஜாகா

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் பந்து விளையாட்டு பார்க்க உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் எப்படியும் ஒரு அங்கிள் இருப்பார். இப்போது ஆடுகிறவர்களைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, "அப்பல்லாம் ஆறுமுகம் நின்னா கோல் போஸ்ட்டே சின்னதாயிடும் தம்பி" என்று ஆரம்பிப்பார். எந்த ஆட்டத்தில் எந்தப் பந்தைப் பிடித்தார் என்று கேட்டால் மட்டும் பதில் தடுமாறும். "எல்லாத்தையும் புடிச்சாருப்பா!"

ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த கோல் கீப்பர். சிலாங்கூருக்கும் தேசிய அணிக்கும் ஆடியவர். 1988 டிசம்பரில், 35 வயதில், கார் விபத்தில் இறந்தார். அவர் இருந்த அணிதான் 1980 ஏப்ரல் 6-ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஆப்கானிஸ்தான் பிரச்சினையால் மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது வேறு கதை. அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். ஹசான் சானி பந்தைக் கொடுத்ததையும் ஜேம்ஸ் வோங் அடித்ததையும் அன்று பிறக்காதவர்கள்கூடச் சொல்வார்கள். ஆறுமுகத்தின் கணக்கில் ஆவணமாக இருப்பது, அவர் விட்ட அந்த ஒரு கோல் மட்டும்தான்.

வெற்றியில் கோல் கீப்பரின் பங்கு எவ்வளவு? இதை அதிகம் எண்ணிப் பார்த்தவர்கள் ஐஸ் ஹாக்கிக்காரர்கள். வட அமெரிக்காவின் என்.எச்.எல். போட்டியில் ஒரு கீப்பரை நோக்கி ஆட்டத்துக்கு ஏறக்குறைய 30 அடிகள் வரும். நூற்றுக்கு 90 தடுப்பவர் மூன்று கோல் விடுவார். 92 தடுப்பவர் சராசரியாக 2.4. ஒரு கோலில் முடிவாகும் விளையாட்டில் இந்த அரை கோல்தான் ஒருவரை நட்சத்திரமாக்குகிறது, இன்னொருவரை வீட்டுக்கு அனுப்புகிறது. 2003-இல் அனஹைம் அணி இறுதியில் தோற்றபோதும், அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அதன் கீப்பர் ஜிகேருக்குப் போனது. முடிவு வேறு, உழைப்பு வேறு என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் இருந்திருக்கிறது.

ஆனாலும் இந்த எண் முழு உண்மை இல்லை. நல்ல தடுப்பாட்டக்காரர்கள் முன்னால் நின்றால் கீப்பருக்கு வேலையே வராது. ஆறுமுகத்துக்கு முன்னால் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நின்றார்கள். வராத அடியை யார் கணக்கில் எழுதுவது? நடந்ததை எண்ணலாம். நடக்காமல் போனதை எப்படி எண்ணுவது?

எண்ண முடியாததால் நாம் தவறை மட்டும் எண்ணுகிறோம். 1950 உலகக் கிண்ணத்தின் கடைசி ஆட்டம், மரக்கானா அரங்கம். உருகுவேயின் கிஜியா வலதுபக்கம் ஓடி வருகிறார். கொஞ்ச நேரம் முன்பு இதே கிஜியா இதே பக்கத்திலிருந்து நடுவுக்குக் கொடுத்த பந்துதான் உருகுவேயின் முதல் கோலானது. பிரேசில் கீப்பர் பார்போசா மறுபடி அதுதான் வரும் என்று நினைத்து ஓரடி விலகினார். கிஜியா நேராகக் கோலுக்கே அடித்துவிட்டார். அந்த ஓரடிக்காக, 2000-இல் சாகும்வரை, பார்போசாவை நாடு மன்னிக்கவில்லை. அந்த நொடியில் அவருக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அவர் எடுத்தது நியாயமான முடிவு. கிஜியா நடுவுக்கு அடித்திருந்தால் அதே ஓரடியை மதிநுட்பம் என்றிருப்போம். செய்தவன் அவனேதான், செய்ததும் அதேதான். பந்து போன திசை மட்டும் அவனைக் குற்றவாளி ஆக்கிவிடுமா?

இந்தத் தீர்ப்பு கீப்பர்களையும் மாற்றிவிடுகிறது. 2007-இல் வெளிவந்த ஓர் இஸ்ரேலிய ஆய்வு 286 பெனால்டிகளைப் பார்த்தது. கீப்பர் நடுவிலேயே நின்றபோதுதான் அதிகம் தடுத்திருக்கிறார், மூன்றில் ஒன்று. பக்கவாட்டில் பாய்ந்தால் ஏழில் ஒன்றைத் தாண்டவில்லை. ஆனால் நடுவில் நின்றது நூற்றுக்கு ஆறு முறைதான். ஏன்? பாய்ந்து விட்டால், 'பாவம், முயற்சி பண்ணினான்' என்போம். நின்றுகொண்டே விட்டால், 'மரம் மாதிரி நிக்கிறான் பாரு' என்போம். பந்துக்குப் பயந்து இல்லை, நமக்குப் பயந்துதான் அவர்கள் பாய்கிறார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு அப்பாதான் ஞாபகம் வந்தார். மலாயில் கோல் கீப்பருக்குப் பெயர் 'பெஞ்சாகா கோல்'. அதில் இருக்கும் 'ஜாகா'தான் நம் ஊர்த் தமிழில் காவல்காரர். அப்பா கிள்ளானில் ஒரு கிடங்கில் பதினோரு வருஷம் ஜாகா வேலை பார்த்தார். ஒரு நாள் ராத்திரி முன்கேட்டில் யாரோ சத்தம் போட, அப்பா அங்கே போனார். அதற்குள் பின்பக்கப் பூட்டை உடைத்துவிட்டார்கள். அடுத்த வாரமே வேலை போனது. அது முதலாளி செய்தது. நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், "பின்னாடி ஒரு எட்டு பாத்திருக்கலாம்லப்பா?" என்று கேட்டேன். அப்போது எனக்கு வயது பதினேழு. அவர் பதில் சொல்லவில்லை. தட்டைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

கீப்பரின் பங்கு எத்தனை சதவீதம் என்று யாராலும் சொல்ல முடியும் என எனக்குத் தோன்றவில்லை. ஆனால் காவல் நிற்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வி 'என்ன ஆச்சு?' என்பது இல்லை. 'அந்த நேரத்தில் உனக்கு என்ன தெரிந்தது?' என்பதுதான். முதல் கேள்வியை நாம் எல்லோரும் கேட்கிறோம். இரண்டாவதைக் கேட்கக் கொஞ்சம் அன்பு வேண்டியிருக்கிறது.

போன தீபாவளிக்குக் கிள்ளான் போனபோதுதான் கேட்டேன். "பதினோரு வருஷம் அங்க இருந்தீங்களேப்பா, என்னல்லாம் நடந்துச்சு?"

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரித்தபடி சொன்னார்: "ஒன்னுமே நடக்கலடா. நாந்தான் இருந்தேனே."