தருமியின் தனிப்பேச்சு

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். ஒரு பையன் செல்போனில் ‘திருவிளையாடல்’ தருமி காட்சியைச் சத்தமாக வைத்திருந்தான். சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தோம். கடுக்காய் விற்றுவிட்டுக் கல்வராயன் மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பாட்டி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, “பாவம், தனியா பொலம்புறானே, கூட யாரும் இல்லியா?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை.

உண்மைதான், ஆயிரம் பொன் பரிசுக்கு ஏங்கும் ஏழைப் புலவன் தருமி கோயிலில் தன்னந்தனியாகத்தான் பேசுகிறான். 1965இல் வந்த படம், ஏ.பி. நாகராஜன் இயக்கியது. அந்தப் புலம்பலை, தருமியாக நடித்த நாகேஷ் படப்பிடிப்பிலேயே தானாக வளர்த்துக்கொண்டு போனார் என்றும், பார்த்த, உடன் நடித்த சிவாஜி கணேசன் அதில் எதையும் வெட்டக் கூடாது என்றார் என்றும் எங்கோ படித்த நினைவு. சிவாஜி அதில் எதைக் கண்டார்? நகைச்சுவையையா, அந்தத் தனிமையையா?

கிணறு வற்றிய ஒரு வருடம் என் தாத்தா மாட்டுக் கொட்டகையில் தனியே பேசுவார். கடன் கொடுத்தவரிடம் சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்லிப் பார்ப்பார். கெஞ்சுவார், திடீரென்று மிரட்டுவார், தன் மிரட்டலுக்குத் தானே பயந்து குரலைத் தாழ்த்துவார். வைக்கோல் போருக்குப் பின்னால் பிள்ளைகள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். தருமியும் அச்சு அசலாக அதையேதான் செய்கிறான். நாகேஷ் இதை எங்கே பார்த்தார்?

தாராபுரத்துக் குண்டுராவ்தான் நாகேஷ். ரயில்வே குமாஸ்தா. அழகு முகங்கள் ஆண்ட திரையில் அம்மைத் தழும்போடு வந்து நின்றவர். பணமில்லாதவன் பேசத் தொடங்கும்போதே குரல் எப்படிக் குழையும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாகவே நடித்தார். அங்கே எனக்கு உறுத்தல் இல்லாமல் சிரிப்பு வருகிறது. பிணத்துக்கு ஒன்றும் வேண்டியதில்லை. தருமிக்கோ ஆயிரம் பொன் வேண்டும்.

சிரிக்க வைத்திருக்காவிட்டால் அந்த ஏழையை நாம் இத்தனை வருடம் திரும்பத் திரும்பப் பார்த்திருக்க மாட்டோம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பார்த்ததால் அவன் புலம்பல் நமக்குக் கேட்டதா? 2009இல் நாகேஷ் இறந்தபோதும் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி ஓடியது, அன்றைக்கும் சிரித்தோம். நம் சிரிப்பு அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும் என்றுதான் நம்ப ஆசை. கூட்டத்தில் ஒருவராவது கண் கலங்கட்டும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தாரோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை.