பயிற்சியும் பொறுமையும்

தற்காப்புக் கலை பயிலப் புகுந்தோர் இடைநடுவில் அதனைக் கைவிடுதல் புதிதன்று. அவருட் சிலர் உடல்நோவுக்கு அஞ்சி விலகுவர். வேறு சிலரோ, எவ்வளவு முயன்றும் முன்னேற்றம் காணவில்லையே என்னும் மனச்சோர்வினால் விலகுவர். பின்னைய சோர்வே ஈண்டு ஆராயற்பாலது. ஒருவர் தம் வளர்ச்சியைத் தாமே சரிவர அளத்தல் கூடுமா என்பது அதன் அடியில் உள்ள வினாவாகும்.

சிலம்பம் பயிற்றும் ஆசான் கம்பு வீச்சின் நுட்பங்களை எடுத்த எடுப்பிலே உணர்த்துவதில்லை. காலடி வரிசைகளையே முதலிற் பழக்குவார். கேரளத்துக் களரிப்பயிற்றிலும் மெய்த்தாரி எனப்படும் உடற்பயிற்சி முற்பட, கோல்தாரியும் அங்கத்தாரியும் அதன் பின்னரே வருகின்றன. கற்போர் விழைவது படைக்கலம். அவர் பெறுவதோ கால்வைப்பு. பொறுமையின்மை இவ்விடைவெளியிலேதான் முளைக்கின்றது.

யப்பானில் 1882ஆம் ஆண்டு கோடோகான் என்னும் யூடோப் பள்ளியை நிறுவிய ஜிகோரோ கானோ, 1883இல் தம் மாணவர்க்குப் படிநிலைகளை வழங்கத் தொடங்கினார். இன்று கறுப்புப் பட்டியால் அறியப்படும் முதற்படிக்கு ‘ஷோடான்’ என்று பெயர். தொடக்கப்படி என்பது அதன் பொருள். புறத்தார் முடிவெனக் கருதுவதனை அக்கலையினர் தொடக்கம் என வழங்கியமை கருதத்தக்கது.

பயிற்சியிலே கைகால்களுடன் கண்ணும் பயில்கின்றது. கண் விரைந்து தேறும். தசை மெல்லத் தேறும். முதல் மாதத்திற் புலப்படாத பிழை ஆறாம் மாதத்திற் புலப்படும்போது, பிழைகள் பெருகிவிட்டன எனக் கற்போர் வருந்துகின்றார். உண்மையில், பிழை காணும் ஆற்றலே அவரிடத்துப் பெருகியுள்ளது.

புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக்கு வடக்கே உச்சமுனை அமைந்துள்ளது. அக்கரையின் நீண்ட மணற்றிட்டு, சோழகக் காற்றுக் காலத்து அலைகள் வடக்கு நோக்கி ஒதுக்கிய மணலால் நெடுங்காலமாக உருவானது. ஒருநாள் முழுதும் அங்கு நின்று நோக்குவார் யாதொரு வளர்ச்சியையும் காணார். ஆயின், மணல் தன்னைத்தானே அளப்பதில்லை. மனிதரோ அன்றாடம் அளந்து அன்றாடம் சோர்கின்றனர்.

அங்ஙனமாயின், முயலாதவரும் பொறுமையின் பெயரால் தம்மைத் தேற்றிக்கொள்ளலாமே எனச் சிலர் வினவலாம். தக்க வினாவே. சென்ற மாதத்துப் பிழையே இன்றும் மாறாது நிற்குமாயின், ஆசானை அணுகிப் பயிலும் முறையைத் திருத்துதல் வேண்டும்; அங்கே வாளா காத்திருத்தல் பொறுமை ஆகாது. முன்னையது நீங்கி, அதனினும் நுண்ணிய பிழையொன்று தென்படுமாயின், உழைப்பு வீண்போகவில்லை எனத் துணியலாம்.

வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா சிறுமியாகக் களரி புகுந்தவர். எழுபது வயதைக் கடந்தும் கற்பித்து வந்த அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஒரு வாழ்நாள் முழுவதையும் வேண்டி நிற்கும் கலையிலே, ஆறு மாதத்தை அளவுகோலாகக் கொண்டு தம்மைத் தகுதியற்றவர் எனத் தள்ளிவிடுதல் நேர்மையான தீர்ப்பாகாது.