நம்பிக்கைக்கும் ஒரு கணக்கு உண்டு

"புது ஆட்டக்காரர்கள் வந்தாச்சு, இந்த வருசம் நம்ம வருசம்" என்று பருவம் தொடங்குமுன் ரசிகன் சொல்வதை வெறும் கனவு என்று தள்ளிவிட முடியாது. 2015இல் இங்கிலாந்துக் கால்பந்துக் குழுவான லெஸ்டர் சிட்டி, அதிகம் அறியப்படாத கான்டே என்ற ஆட்டக்காரரைப் பிரான்சிலிருந்து வாங்கியது. முந்தைய பருவத்தில் 14ஆம் இடத்தில் முடித்த அந்தக் குழு, 2016 மே மாதம் பிரீமியர் லீக் கிண்ணத்தைத் தூக்கியது. சரியான ஒரு தேர்வு, குழுவின் தலையெழுத்தையே மாற்றும்.

பெயர்ப்பட்டியல் மட்டும் போதுமா என்று கேட்பவர் பக்கமும் நியாயம் உண்டு. சம்பள பாக்கியில் சிக்கிய மலாக்கா யுனைடெட், 2023 பருவத்துக்கு உரிமம் கிடைக்காமல் மலேசிய சூப்பர் லீக்கை விட்டே வெளியேறியது. மலாக்கா எஃப்சி 2025-26இல்தான் மாநிலத்தின் பெயரை அங்கே மீட்டுக் கொண்டுவந்தது. அதற்காக நம்பிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சம்பளம் மாதாமாதம் போய்ச் சேருகிறதா? பயிற்றுநருக்கு அவகாசம் உண்டா? உள்ளூர் இளைஞருக்கு இடம் உண்டா? தேசியக் கால்பந்துக் குழுவின் தற்காப்பில் தூணாக நின்ற சோ சின் ஆன், இதே மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜாவில் பிறந்தவர்தான். அதே மாநிலத்தின் சுங்கை ரம்பாய் வட்டாரத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே, புல் தேய்ந்து செம்மண் தெரியும் திடலில் வெறுங்காலோடு பந்தை விரட்டும் பையனும் நாளைய தேர்வுதான். புதிதாய் வருபவரைக் கைதட்டி வரவேற்போம். அந்தப் பையனுக்கு ஒரு சோடிக் காலணியும் வாங்கிக் கொடுப்போம்.