மாங்காய்த் திருடனும் சேஸ் நம்பரும்

பழைய ஜீப் வைத்திருப்பவனிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல ஒரிஜினல் எவ்வளவு இருக்கு?" போடிமெட்டு டீக்கடையில் புல்லட்டை நிறுத்திவிட்டு வரும் சென்னைப் பையன்கள் கேட்கிறார்கள். பூப்பாறையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் மலையாளி நண்பர் கேட்கிறார். இன்சூரன்ஸ் போட வருபவரும் கேட்கிறார். பார்த்தால் இரும்பைப் பற்றிய விசாரணைதான். எனக்கு மட்டும் கொஞ்ச காலமாக அது அப்படிப் படவில்லை.

என்னிடம் இருப்பது மகிந்திரா எம்.எம்.540. 1990 வாக்கில் பெரியப்பா புதிதாக எடுத்தது. வரும்போது பெஜோ வழிவந்த 2,112 சி.சி. டீசல் இன்ஜின் இருந்தது. பாரம் ஏற்றிவிட்டால் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவிலும் முனகிக்கொண்டேதான் ஏறும். அது இழுக்க முடியாமல் ஓய்ந்த பிறகு, மகிந்திராவின் எம்.டி.ஐ. இன்ஜினை ஏற்றினோம். கியர் பாக்ஸ் ஒரு கமாண்டரிலிருந்து கழற்றியது. மலைமேல் மழை தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் வண்டி காய்வதில்லை. டிரைவர் காலுக்கடியில் தகடு அரித்து அரித்து ஒரு கட்டத்தில் ரோடே தெரிந்தது. போடி பட்டறையில் பாடியைப் புதிதாகவே அடித்தோம். ஸ்பிரிங் பட்டைகள், கிங் பின், ஸ்டியரிங் பாக்ஸ், படுதா என்று ஒவ்வொன்றாகப் போய் ஒவ்வொன்றாக வந்தன. சேஸில் பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடத்துக்கு மேலே விரிசல் கண்டு, பிளேட் வைத்து வெல்டிங் அடித்திருக்கிறது. எங்கள் மெக்கானிக் ஒருநாள் கணக்குப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆரன் மட்டுந்தாண்ணே பழசு. அதுவும் அடிக்க மாட்டேங்குது."

இதில் வண்டிக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அது பிறந்ததே இப்படி ஆவதற்காகத்தான். 1940-ல் அமெரிக்க ராணுவம் இலேசான ஒரு நாலு சக்கர இழுவை வண்டி வேண்டும் என்று கேட்டது. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரிலிருந்த பேன்டம் என்ற சின்னக் கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரைப் பிடித்து வரைபடம் போட்டு, கொடுத்த 49 நாள் கெடுவுக்குள் முதல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. ராணுவம் அந்த வரைபடத்தை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. நல்ல இன்ஜின் வில்லிஸிடம் இருந்தது, 60 குதிரைத்திறன். அடுத்த ஆண்டு அவர்களுடைய வண்டியே நிலைத்தது. பேன்டம் டிரெய்லர் செய்யப் போய்விட்டது. பெற்றவளுக்குப் பிள்ளை இல்லாமல் போன கதை அது. யாரும் அதிகம் பேசுவதில்லை.

வில்லிஸ் ஒருவரால் முடியாது என்று ஃபோர்டையும் அதே வண்டியைச் செய்யச் சொன்னார்கள். போர் முடிவதற்குள் இரண்டு பேரும் சேர்த்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: இதன் உறுப்பு அதில் பொருந்த வேண்டும். பாலைவனத்தில் ஒரு வண்டி குண்டுபட்டுக் கிடந்தால், அதன் ஆக்சிலைக் கழற்றி இன்னொன்றில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும். எந்த வண்டிக்கும் தனக்கென்று ஒன்றும் இருக்கக் கூடாது. ஃபோர்டுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. தான் செய்த பாகங்களில் எஃப் என்ற எழுத்தைப் பொறித்தது, போல்ட்டின் தலையில்கூட. இன்றைக்கு அந்தக் கால ஃபோர்டு ஜீப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறவர்கள் அந்த எஃப் போல்ட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். நூறு வண்டியிலிருந்து பொறுக்கிய போல்ட்டை ஒரு வண்டியில் முடுக்கிவிட்டு, இதுதான் அசல் என்று நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதியைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அது எதன்மேல் நிற்கிறது என்று யோசித்தால் கால் கீழே தட்டுவதில்லை.

வண்டியின் வம்சத்தை எடுத்தாலும் இதே குழப்பம்தான். வில்லிஸ் 1953-ல் கைசரிடம் போனது. 1970-ல் ஏ.எம்.சி., 1987-ல் கிறைஸ்லர், பிறகு ஃபியட், இப்போது ஸ்டெலாண்டிஸ். ஜீப் என்ற பெயர் கைமாறிக்கொண்டே போனது. வண்டி ஆளே மாறிவிட்டது. இந்தப் பக்கம், 1945-ல் மகிந்திரா அண்டு முகமது என்று ஒரு கம்பெனி தொடங்கியது. அதில் இருந்த குலாம் முகமது பிரிவினையில் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போக, 1948-ல் அது மகிந்திரா அண்டு மகிந்திரா ஆனது. வில்லிஸின் அனுமதியோடு பம்பாயில் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியவர்கள், அமெரிக்காவில் அந்த உருவம் மறைந்த பின்னும் விடாமல் அதையே செய்துகொண்டிருந்தார்கள். அதன் வாரிசாக ராக்சர் என்ற வண்டியை 2018-ல் அமெரிக்காவுக்கே கொண்டுபோய் விற்றபோது, பெயரை வைத்திருந்த கம்பெனி எங்கள் முகத்தைத் திருடிவிட்டார்கள் என்று வர்த்தக ஆணையத்தில் புகார் செய்தது. 2020-ல் தடை வந்தது. முகத்தை மாற்றிய பிறகு, அதே ஆண்டின் கடைசியில் விற்கலாம் என்று தீர்ப்பு வந்தது. அண்ணன் அப்பன் பெயரை வைத்துக்கொள்ள, தம்பி அப்பன் மூக்கை வைத்துக்கொண்ட வீடு மாதிரி இருக்கிறது இது.

இந்த இடத்தில் எனக்கு மிலிந்தன் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கே ஆண்ட கிரேக்க அரசன் மினாண்டர்தான் பௌத்த நூலில் மிலிந்தன். நாகசேனர் என்ற பிக்குவிடம் பெயரைக் கேட்கிறான். நாகசேனன் என்று அழைக்கிறார்கள், ஆனால் அது வெறும் பெயர்தான், அதற்குள் ஆள் என்று எவரும் இல்லை என்கிறார் அவர். அரசன் விடவில்லை: முடி நாகசேனனா, நகமா, பல்லா, தோலா? ஆளே இல்லையென்றால் இங்கே என்னோடு பேசுவது யார்? பிக்கு திருப்பிக் கேட்கிறார்: நீ எப்படி வந்தாய்? தேரில். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரா? எதுவும் இல்லை. எல்லாவற்றையும் விட்டால் தனியாகத் தேர் என்று ஒன்று இருக்கிறதா? அதுவும் இல்லை. பின்னே எதில் வந்தாய், பொய் சொல்கிறாயா?

ஜீப் பட்டறையில் உட்கார்ந்து யோசிக்கிறவனுக்கு இது எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது பாருங்கள். கிரேக்கர்களிடம் தீசியஸ் என்ற வீரனின் கப்பலை வைத்து இதே விசாரம் இருந்ததைப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பலகையைப் பலகையாக மாற்றினால் அது அதே கப்பல்தானா? கழற்றிப்போட்ட பழைய பலகைகளை வைத்தே இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸுடையது என்று 17-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் ஒரு கொக்கி போட்டார். ஹாப்ஸுக்கு அது கற்பனை. போடியில் அது வியாபாரம். எங்கள் மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்னால் கிடந்த என் பழைய முன் ஆக்சிலும் பானட்டும் இப்போது சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு சவாரி அடிக்கும் ஒரு வண்டியில் இருக்கின்றன. எதிரே வந்தால் எனக்குத் தெரியும்: பானட்டின் இடது ஓரத்தில், பெரியப்பா ஏலக்காய் மூட்டைக் கொக்கியால் கிழித்த கோடு, மூன்று பெயிண்டுக்கும் அடியிலிருந்து மேலே எழும்பித் தெரியும்.

பெரியப்பா இருந்திருந்தால் நாகசேனரை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். தேவாரம் பாடாமல் வண்டியில் சாவி போடாதவர், சைவ சித்தாந்தம் முறையாகப் பாடம் கேட்டவர். மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறார். அவற்றில் ஒன்று மிக எளிமையானது. 'எனது உடல்' என்கிறோமே, அப்படிச் சொல்கிறவன் உடலாக இருக்க முடியாது. வீட்டை என் வீடு என்பவன் வீடு இல்லையே. பெரியப்பா இதைத்தான் ஜீப்பை வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார்: "என் கை, என் காலுங்கறயே, அந்த 'என்'னு எங்கடா இருக்கு? டிரைவர் சீட்டுல தேடு, இன்ஜின்ல தேடாதே." வண்டி சடம், ஓட்டுகிறவன் வேறு. அவரைப் பொறுத்தவரை வண்டிக்கு ஒரிஜினல் என்று எதுவும் இருக்கத் தேவையே இல்லை; ஏறியிருக்கிறவன் இருந்தால் போதும்.

கோயில் கும்பாபிஷேகத்துக்கு முன் பாலாலயம் செய்வார்கள். சுவாமியின் சக்தியைக் கும்பத்து நீருக்கு மாற்றி, அங்கிருந்து அத்திப்பலகையில் எழுதிய உருவத்துக்கு மாற்றி, ஓரமாக ஒரு சின்ன இடத்தில் வைத்துப் பூசை நடக்கும். திருப்பணி முடிந்ததும் திரும்பவும் உள்ளே. கல் எவ்வளவு மாறினாலும் தெய்வம் ஒன்றே என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பாடி அடிக்கக் கொடுத்த மாதங்களில் என் ஜீப்பின் சக்தி எங்கே போய் இருந்தது என்று மெக்கானிக்கைக் கேட்டேன். சேஸ் வெளியே மழையில் நிற்கிறது, தார்ப்பாய் வாங்கிக் கொடுங்கள் என்றார்.

அரசாங்கத்திடம் இதற்கெல்லாம் தெளிவான பதில் இருக்கிறது. சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் சேஸ் நம்பர் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, எமரித் தாளால் துருவை இலேசாகத் தேய்த்து, அதன்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலைப் படுக்கப்போட்டு உரச வேண்டும். கறுப்புக்குள்ளிருந்து எழுத்தும் எண்ணும் வெள்ளையாக எழும்பி வரும். அழுத்தித் தேய்த்தால் எல்லாம் கறுப்பாகிவிடும், கை பழகியிருக்க வேண்டும். அந்தச் சீட்டும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துப்போனால் அது அந்த வண்டி. இன்ஜினை மாற்றினால் எழுதிக் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம், கலரை மாற்றினாலும் பதிந்துகொள்ளலாம். சேஸ் நம்பர் மட்டும் மாறக் கூடாது. ஒரு சாண் இரும்பில் நின்றுகொண்டிருக்கிறது என் ஜீப்பின் ஆத்மா.

சிரிக்கலாம்தான். ஆனால் அரசாங்கம் இதை எதற்குக் கேட்கிறது? வரி, திருட்டு, விபத்து வழக்கு. பாக்கியை வசூலிக்கக் கேட்கிறது. நான் வந்து நிற்கிற இடம் இதுதான்: 'இது அதுதானா' என்ற கேள்வி பொருளிலிருந்து எழுவதில்லை, கணக்கிலிருந்து எழுகிறது. யாரோ யாருக்கோ எதையோ தர வேண்டியிருந்தால்தான் அது முளைக்கிறது. சமயங்கள் இதில் இவ்வளவு மல்லுக்கட்டியதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். வினை ஒன்று செய்யப்பட்டிருக்கிறது, அனுபவிக்கப்போவது யார்? சைவம் உயிர் என்றது. உயிரே இல்லை என்ற பௌத்தமும் வினையைத் தள்ளுபடி செய்யவில்லை. மிலிந்தன் அதையும் கேட்டான்: ஆளே இல்லையென்றால் தீவினையிலிருந்து தப்பிவிடலாமே? நாகசேனர் ஒரு மாங்காய்த் திருடனைக் கொண்டுவருகிறார். பிடிபட்டவன் வாதாடுகிறான்: இவர் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு மாங்காய், எனக்கு என்ன தண்டனை? தண்டனை உண்டு, ஏனென்றால் இது அதிலிருந்து வந்தது. ஒன்றாக இருக்க வேண்டாம், ஒன்றிலிருந்து ஒன்று வந்திருந்தால் போதும்.

எனக்கு நாகசேனரைப் புத்தகத்துக்கு வெளியே புரிய வைத்தது ஓர் அக்கா. பெரியப்பா காலத்தில் போடியிலிருந்து தோட்டத்துக்குக் காய் எடுக்க ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது, மழையில் பிரேக் பிடிக்காமல் வண்டி ஓடைக்குள் சரிந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு எழுந்துவிட்டார்கள். அந்த அக்காவுக்கு இடுப்பெலும்பு. வழக்கு இல்லை, எழுத்து இல்லை. பெரியப்பா தீபாவளிக்கும் சித்திரைக்கும் ஒரு தொகை கொடுத்துக்கொண்டே இருந்தார். ஓட்டியவர் இறந்துவிட்டார், பெரியப்பாவும் போய்விட்டார். அன்றைக்கு இருந்த பிரேக் டிரம் முதல் பாடி வரை எதுவும் இன்று வண்டியில் இல்லை. வண்டி என் பெயருக்கு வந்தபோது அந்தத் தொகையும் வந்தது. யாரும் சொல்லாமலே வந்தது.

பச்சையாக இருந்த வண்டியை வெள்ளை அடித்துக் கொண்டுவந்த புதிதில், அக்கா தூக்குவாளியோடு வேறொரு ஜீப்புக்காக முக்கில் நின்றுகொண்டிருந்தார். தூரத்திலிருந்தே கையைக் காட்டினார். எப்படிக்கா அடையாளம் தெரிஞ்சது, எல்லாமே மாத்தியாச்சே என்றேன். "பெயிண்ட் அடிச்சுட்டா எனக்குத் தெரியாமப் போயிருமாக்கும்?" என்று கேட்டுவிட்டு, சித்திரைக்குப் பேரன் வருவான், அவனிடம் கொடுத்துவிடுங்கள் தம்பி என்றார். அவர் ஒரு சக்கரத்தையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாரா என்றும் சொல்ல முடியவில்லை. பெரியப்பாவுக்கு நான் மகன்கூட இல்லை, தம்பி மகன்தான்.

இப்போது என் அக்காள் மகனுக்கு இந்த ஜீப் வேண்டுமாம். அவனுக்கு இது வில்லிஸ் வழி வந்த கடைசித் தலைமுறை, வின்ச் மாட்டி அகல டயர் போட்டுப் படம் எடுக்க வேண்டும். தரலாம் மாப்ள, ஆனால் தீபாவளிக்கும் சித்திரைக்கும் ஒரு செலவு இருக்கிறது, அதுவும் வண்டியோடுதான் வரும் என்றேன். "அது ஆர்.சி. புக்ல இல்லையே மாமா" என்றான். உண்மைதான், இல்லை. அதற்காக விலையில் ஒரு பகுதியைக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். குறைத்ததை ஒத்துக்கொண்டான், மற்றதை யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான்.