காணாதவரின் வாக்கு

ஒருவர் தம் உள்ளத்தில் கொண்ட முடிவைப் பிறர் அறியாவண்ணம் பதிவு செய்தல் வேண்டும். பதிந்தது பழுதின்றி எண்ணப்பட்டதா என்று ஊரார் சரிபார்க்கவும் வழி இருத்தல் வேண்டும். வாக்கை அமானிதம் என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. அமானிதத்தில் மறைப்பும் உண்டு, கணக்கும் உண்டு. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதினால் நாம் எந்தப் பக்கம் நிற்பது?

அமெரிக்க நாட்டில் தேர்தல் பொறிகளைப் பெரும்பாலும் கவுண்டி என்னும் உள்ளூர் ஆட்சிகளே தேர்ந்து வாங்குகின்றன. புளோரிடாவிலுள்ள வொலூஷியா கவுண்டி அவற்றுள் ஒன்று. 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் இரவில் அங்கே ஒரு சாவடியின் கணக்கு அல் கோருக்கு 16,022 வாக்குகளைக் கழித்துக் காட்டியது! அச்சாவடியில் வாக்களித்தவர்களோ சில நூறு பேர். தவறு அன்றிரவே திருத்தப்பட்டது. பின்னர் அந்தக் கவுண்டியின் சீட்டுகளைக் கையாலும் எண்ணினார்கள். காகிதம் இருந்தது, ஆகவே எண்ண முடிந்தது.

2002இல் அந்நாட்டுப் பேரவை ஒரு சட்டம் இயற்றிற்று. உடற்குறையுள்ளோரும் பார்வையற்றோரும் ஏனையோரைப் போலவே தனித்தும் மறைவாகவும் வாக்களிக்க ஏதுவான பொறி, 2006 முதல் ஒவ்வொரு சாவடியிலும் ஒன்றேனும் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. வொலூஷியாவின் முன் வைக்கப்பட்டதோ காகிதமற்ற தொடுதிரைப் பொறி. காதில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, பெயர்களைக் கேட்டு, விசையை அழுத்தலாம். ஆனால் மறு எண்ணிக்கைக்கு ஒரு துண்டுத் தாளும் மிஞ்சாது. 2005இல் கவுண்டி மன்றம் குறுகிய வேறுபாட்டில் அதனை மறுத்தது. பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பு நீதிமன்றம் ஏறிற்று.

மறைவாக வாக்களிப்பது பார்வையற்றவருக்கு ஒரு கூடுதல் சலுகைதானே, துணைக்கு ஒருவர் வந்தால் போதாதா என்று கேட்போர் உண்டு. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். எமக்கு ஓதிக் கொடுத்த ஹஸ்ரத் ஒருவர் முதுமையில் பார்வை இழந்தார்கள். தேர்தல் நாளில் தங்கை மகன் கைபிடித்து அழைத்துச் சென்றான். நம் நாட்டு விதிப்படி துணை செல்பவர் வாக்கை வெளியிடுவதில்லை என்று உறுதிமொழி தருகிறார். வெளியிடாதிருக்க உறுதி தரலாம். அறியாதிருக்க எவ்வாறு உறுதி தருவது? சில நாள் கழித்து ஹஸ்ரத் எம்மிடம் மெல்லச் சொன்னார்கள்: "பிள்ளை நல்லவன்தான். ஆனால் அவன் பக்கத்தில் நிற்கையில், நான் நினைத்த பெயரை என் நாவு சொல்லவில்லை. அவனுக்குப் பிடித்த பெயரைச் சொல்லிவிட்டேன்."

மருமகன் ஏமாற்றவில்லை. எவரும் அச்சுறுத்தவுமில்லை. ஆயினும் அன்று ஒரு வாக்கு மாறிப் போயிற்று.

இதனை அறிந்த பின்னும் வொலூஷியா மன்றத்தாரை முற்றிலும் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஒருமுறை கழித்தல் கணக்கைக் கண்டவர்கள் தாளில்லாப் பொறிக்கு அஞ்சியது நியாயமே. அவர்களுடைய அச்சம் சரி. அந்த அச்சத்தின் விலையைப் பார்வையற்றோர் தலையில் மட்டும் ஏற்றியதுதான் முறையன்று. மற்றவர்கள் வழக்கம் போல் வாக்களித்துச் செல்ல, இவர்கள் மட்டும் நல்ல பொறி வரும்வரை பிறர் கையை நம்பிக் காத்திருக்க வேண்டும் என்றால், அதற்குப் பொறுமை என்று பெயரிடும் உரிமை காத்திருப்பவருக்கே உரியது.

இடைவழி ஒன்று இல்லாமலும் இல்லை. எல்லோருக்கும் தரும் அதே சீட்டை ஒரு பொறிக்குள் செருகினால், அது பெயர்களைக் காதில் சொல்லும். வாக்காளர் விசையை அழுத்தியோ, கை வழங்காதவர் குழலில் ஊதியோ தெரிவு செய்ய, பொறி சீட்டில் குறியிட்டுத் தரும். அச்சீட்டு ஏனைய சீட்டுகளோடு கலந்து எண்ணப்படும். சிறிய சாவடியில் அப்பொறியின் சீட்டு வேறு உருவில் இருந்து, அதில் வாக்களித்தவர் ஒரே ஒருவராகவும் இருந்துவிட்டால் மறைவு போயிற்று. ஆகவே சீட்டு ஒன்று போலவே இருத்தல் இன்றியமையாதது.

அதிலும் ஒரு முடிச்சு உண்டு. குறியிட்ட சீட்டைப் பார்வையற்றவர் எங்ஙனம் சரிபார்ப்பார்? மீண்டும் ஒரு பொறியின் குரலைத்தான் நம்ப வேண்டும். செவியால் மட்டும் பெற்ற அறிவு உறுதியானதா என்பது நம் ஃபிக்ஹு நூல்களுக்குப் பழகிய வினா. குரலை அறிந்த பார்வையற்றவரின் சாட்சியத்தை இமாம் மாலிக் ஏற்றார்கள். இமாம் அபூஹனீஃபா ஏற்கவில்லை. நமக்குத் தோன்றுவது இது: கண்ணுள்ளவரும் சீட்டைப் பெட்டியில் இட்ட பின் எண்ணும் பொறியை நம்பித்தான் வீடு திரும்புகிறார். ஐயத்தை அறவே ஒழிக்க இயலாதெனில், அதனை எல்லோரும் சமமாகவேனும் சுமத்தல் வேண்டும்.

புளோரிடாவில் நடந்ததோ வேறு. 2006இல் சரசோட்டா கவுண்டியின் தொடுதிரைப் பொறிகளில் ஏறத்தாழ 18,000 பேர் நாடாளுமன்றப் பதவிக்கு வாக்கே இடாதது போலப் பதிவாயிற்று. வெற்றி வேறுபாடோ 369. மறு ஆண்டே மாநிலம் காகிதச் சீட்டுக்குத் திரும்பச் சட்டம் செய்தது. ஆனால் உடற்குறையுள்ளோருக்கு மட்டும் பழைய தொடுதிரைகளையே 2012 வரை வைத்துக்கொள்ள விலக்களித்தது. அக்கெடு பின்னர் நீட்டிக்கவும் பட்டது. கண்ணுள்ளவருக்கு ஆகாதென ஒதுக்கிய பொறி காணாதவருக்குப் போதும் என்றாயிற்று!

நம் நாட்டிலும் வாக்குப் பொறியில் பிரெயில் எண்கள் உள்ளன. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் ஒப்புகைச் சீட்டு வந்தது. கண்ணாடிக்குப் பின்னே அது ஏழு விநாடி தெரிந்து, பிறகு பெட்டிக்குள் விழுகிறது. அந்த ஏழு விநாடியில் பார்வையற்றவருக்கு எவரும் எதுவும் சொல்வதில்லை.