யாருடைய சன்னல்?

உயிர்ப்புக் காலத்தில் இல்லங்களை மந்திரிக்கச் செல்வது பங்குக் குருக்களின் வழக்கம். அவ்வாறு ஓசூர் பாகலூர் சாலையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவே வீடு. ஆனால் கூடத்தின் சன்னலோரம் புதுப்பொலிவுடன் விளங்கியது. வெளிர்நீலம் பூசிய சுவர், சுவரோடு மடக்கும் மேசை, கணினி, வளைந்த கழுத்துடைய விளக்கு, கண்ணாடிக் குவளையில் ஒரு பசுங்கொடி. எல்லைக்கு அப்பால், பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரியும் அவ்வீட்டு மகன், 2020-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியவர். இன்றும் வாரத்தில் மூன்று நாள் அப்படித்தான்.

"எல்லாம் நானே செய்தது, ஃபாதர். இதையும் மந்திரித்துவிடுங்கள்" என்றார். மகிழ்ந்து தீர்த்தம் தெளித்தேன்.

முந்தைய ஆண்டு அதே இடத்தில் அவருடைய தாயின் தையல் இயந்திரம் இருந்தது நினைவுக்கு வந்தது. எங்கே என்று கேட்டேன். "மாடிப்படிக்குக் கீழே இருக்கு சாமி. தம்பிக்கு மீட்டிங் நடக்கும்போது மிஷின் சத்தம் ஆகாதில்ல" என்றார் அந்த அம்மா. வெளிச்சம் போதுமா என்றேன். "பழகிப்போச்சு சாமி."

அந்தச் சொல் என்னோடு அறைவரை வந்தது.

சிறு வீட்டில் பணியிடத்தை அழகுபடுத்துவது வீண் ஆடம்பரமா? இல்லை என்றே கருதுகிறேன். ஒற்றை அறையில் வாழ்வோரும் வாசலில் கோலமிடுகிறார்கள். பழைய தகர டப்பாவில் ரோஜா வளர்க்கிறார்கள். எட்டு மணி நேரம் அமர்ந்து உழைப்பவனுக்கு முழங்கை உயரத்தில் மேசையும், கண் கூசாமல் பக்கவாட்டில் விழும் வெளிச்சமும் தேவை. பணியிடத்தை ஒழுங்காகவும் அழகாகவும் வைத்துக்கொள்வது உழைப்புக்குச் செய்யும் மரியாதை.

ஆனால் பெரிய வீட்டில் புதிய மேசை என்பது இன்னொரு பொருள் மட்டுமே. சிறிய வீட்டிலோ ஒவ்வொரு சாண் இடமும் ஏற்கெனவே ஒருவருடையது. பகிரும் அப்பத்தில் ஒருவர் அதிகம் எடுத்தால் மற்றவருக்குக் குறைவது போல, இடமும் வெளிச்சமும் குறைகின்றன. எனவே இங்கு முதலில் எழும் கேள்வி அழகைப் பற்றியதன்று, நீதியைப் பற்றியது.

மகனின் வேலைக்குச் சன்னலும், தாயின் வேலைக்கு மாடிப்படியின் அடியும் எப்படி அமைந்தன? யாரும் தீங்கு நினைக்கவில்லை. கூடுதல் ஊதியம் வரும் வேலையே வேலை என்ற எண்ணம் வீட்டின் இடத்தைத் தானே பங்கிட்டுவிட்டது. அவர் செய்வது வேலை. தாய் செய்வது 'கொஞ்சம் தைக்கிறது'. அந்தத் தையல்தான் அவருடைய பள்ளிக் கட்டணத்தைச் செலுத்தியது.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றி 1981-இல் எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் மதிப்பு வேலையின் வகையைப் பொறுத்ததன்று, அதைச் செய்பவர் மனிதர் என்பதைப் பொறுத்தது என்று கற்பிக்கிறார். வீட்டுச் சுமையை நாள்தோறும் தாங்கும் பெண்களின் உழைப்பு, சில வேளைகளில் சொந்தக் குடும்பத்தாலேயே உரிய முறையில் மதிக்கப்படுவதில்லை என்பதையும் அங்கே சுட்டுகிறார். வீட்டிலிருந்து கூலிக்கு உழைப்போரும் மற்றத் தொழிலாளருக்கு நிகராக நடத்தப்பட வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் ஓர் உடன்படிக்கையே இயற்றியது. உலக மன்றம் ஒப்புக்கொண்டதை நம் கூடம் ஒப்புக்கொள்ள வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிப்டு முடிந்ததும் தொழிலாளி தன் கருவிகளை உள்ளே வைத்துவிட்டு வாயிலைக் கடந்து வருகிறார். வீட்டில் உழைப்பவருக்கு அத்தகைய வாயில் இல்லை. இரவு உணவின் நடுவிலும் வேலை நுழைந்துவிடுகிறது. ஆகவே அந்த மேசையின் சிறந்த பண்பு அதன் அழகன்று, அது மடங்கும் என்பதே. மாலையில் மடக்கினால் கூடம் மீண்டும் குடும்பத்தினுடையது.

குற்றம் அந்த இளைஞருடையது மட்டுமன்று. கணினி மேசைக்குத் தீர்த்தம் தெளித்த நான், மாடிப்படிக்குக் கீழே செல்லாமலே திரும்பிவிட்டேன். சில வாரங்களுக்குப் பின் திருப்பலி முடிந்து அவரிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்து, "நான் யோசிக்கவே இல்லை, ஃபாதர்" என்றார். இப்போது அவர் அலுவலகம் செல்லும் இரண்டு நாள்களில் சன்னலோரம் தாய்க்கு உரியது. மற்ற நாள்களுக்கு அவர்கள் இன்னும் வழி காணவில்லை.

வீட்டில் பணியிடம் அமைக்க எண்ணுவோர், விளக்கு வாங்குமுன் ஒன்று செய்யலாம். அந்த வீட்டில் உழைக்கும் ஒவ்வொருவருடைய இடத்திலும் அரைமணி நேரம் அமர்ந்து பாருங்கள். வெளிச்சம் யாருக்கு முதலில் தேவை என்பது அப்போது தெரியும்.