கருவைத் திருத்தலும் கன்மக் கொள்கையும்

உயிர்கள் தத்தம் இருவினைக்கு ஈடாகத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் இறைவன்பாற் பெறுகின்றன என்பது சைவ சித்தாந்தத் துணிபு. இத்துணிபுடைய நாம், மக்களுடம்பிற்கு வித்தாகிய மரபணுவைக் கருநிலையிலேயே திருத்த அறிவியலார் புகுந்திருக்கும் இக்காலத்து, அச்செயலை எங்ஙனம் கொள்ளுதல் வேண்டும் என்பது ஆராயற்பாலது. வினையால் வந்த உடம்பை மாற்றுதல் இறைவன் ஆணைக்கு முரணாம் என்பர் ஒருசாரார். எது நிகழினும் அது வினைப்பயனே ஆகலின் திருத்தினார்க்குக் குற்றமில்லை என்பர் மற்றொருசாரார். இவ்விரண்டும் பொருந்தாமையை ஈண்டுக் காட்டுவாம்.

முதற்கண் நிகழ்ந்தது கூறுவாம். மரபணு இழையில் வேண்டிய இடத்தைத் தேடிச்சென்று அறுக்கும் கிரிஸ்பர் என்னும் கருவியை, ஜெனிபர் டௌட்னா, எம்மானுவேல் ஷார்பென்டியே என்னும் பெண்மணியர் இருவரும் தம் குழுவினரோடு 2012-இல் வெளிப்படுத்தினர். அதன்பொருட்டு 2020-இல் நோபல் பரிசும் பெற்றனர். 2018 நவம்பரில், சீனநாட்டு ஷென்ஜென் நகரத்து ஆராய்ச்சியாளர் ஹெ ஜியான்குய் என்பார், தாம் கருவிலே திருத்திய இரட்டைப் பெண்மகவுகள் பிறந்தன என அறிவித்து, ஹாங்காங்கிற் கூடிய உலக அறிஞர் பேரவையிலும் அதனை எடுத்துரைத்தார். தந்தைக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தமையின், அக்கிருமி உயிரணுவினுட் புகும் வாயிலாகிய சிசிஆர்5 என்பதனை மகவுகளிடத்து அடைத்துவிடுதலே அவர் கருத்து. ஆயின், தந்தையின் விந்தினைத் தூய்மைசெய்து தொற்றின்றி மகப்பெறும் முறை முன்னரே வழக்கிலிருந்தது. 2019 டிசம்பரில் ஷென்ஜென் நீதிமன்றம் அவர்க்கு மூன்றாண்டுச் சிறையும் 30 இலட்சம் யுவான் தண்டமும் விதித்தது.

இனி, முதற்சாரார் கூற்றை நோக்குவாம். நோய் வினைப்பயனாயின், மருந்து கிட்டுதலும் வினைப்பயனே யன்றோ? பசித்தானுக்குச் சோறிடுதலும் பிணியுற்றானுக்கு மருந்தூட்டுதலும் இறைவன் ஆணைக்கு முரணாதல் யாண்டும் இல்லை. அரிவாள் வடிவாய்க் குருதியணுக்கள் திரியும் கொடுநோய்க்கு, நோயாளியின் குருதியை உண்டாக்கும் அணுக்களையே வெளியே எடுத்துத் திருத்தி மீளச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. நோயுற்றவர் தாமே இசைந்து ஏற்கும் இதனைக் குறைகூற யாதொரு நியாயமும் இன்று. வினையென்று சொல்லிப் பிணியாளரைக் கைவிடுதல் கன்மக் கொள்கையன்று, அருளின்மையே யாம்.

அற்றேல், இரண்டாஞ்சாரார் கூற்றுப் பொருந்துமோவெனின், அதுவும் பொருந்தாது. திருத்தப்பட்ட உடம்பினை எய்திய உயிர் தன் பிராரத்தத்திற்கு ஈடாகவே அதனை எய்தியது என்பது உண்மையே. ஆயினும் அதனால் திருத்தினார் வினையினின்று நீங்கியவராகார். ஒருவன் மற்றொருவனை வாளால் வெட்டினான் எனின், வெட்டுண்டான் பெற்ற துன்பம் அவன் முன்னைவினைப் பயனாதல் கொண்டு, வெட்டினானை விடுவிப்பாரும் உளரோ? படுவானுக்குப் பிராரத்தமாவது செய்வானுக்கு ஆகாமியமாய் ஏறும். இவ்விரண்டனையும் ஒன்றென மயங்குதலே இக்கூற்றின் பிழையென்க.

ஆகவே, ஆராய வேண்டுவது செய்வானுடைய வினையின் இயல்பேயாம். பெற்றோர் தம் மக்கட்கு உணவும் கல்வியும் தொழிலும் அவரைக் கேளாதே தெரிந்தளித்தல் இல்லையோ, கருத்திருத்தமும் அத்தகையதன்றோ எனின், அன்று. அவற்றை வளர்ந்த மகன் மாற்றிக்கொள்ளவும் விட்டொழிக்கவும் வல்லன். கருவிற் செய்த மாற்றமோ உடம்பெங்கும் பரவி, அவன் வழித்தோன்றல்களுக்கும் செல்லற்பாலது. கருதாத இடத்தில் இழை அறுபடுதலும், சில அணுக்கள் திருந்திச் சில திருந்தாது நிற்றலும் நிகழக்கூடியன. பசுவறிவு ஏகதேசமாகிய சிற்றறிவு. அச்சிற்றறிவு கொண்டு, இசைவு கேட்டற்கு இயலாத உயிர்களின் உடம்பை, மீட்டற்கரிய வகையில், வேறு வழியிருந்தும் மாற்றத் துணிதல் பெரும்பழியாம். என்றைக்கும் ஒருவாற்றானும் கூடாது என யாம் கூறுகின்றிலம். அறிவும் தேவையும் அத்துணிவிற்கு ஈடாக இன்று இல்லை என்றே கூறுகின்றாம்.

உலகத்தாரும் ஏறக்குறைய இம்முடிபிற்கே வந்துள்ளனர். 1997-இல் ஒவியேதோ நகரில் ஐரோப்பிய நாடுகள் செய்த உடன்படிக்கை, வழித்தோன்றல்களின் மரபணுவை மாற்றும் நோக்கத்தை விலக்கிற்று. எனினும் அதனை ஏற்று உறுதிசெய்த நாடுகளையே அது கட்டுப்படுத்தும். பிரிட்டன் அதிற் கையொப்பமிடாதாயினும், திருத்திய கருவைத் தாய்வயிற்றில் வைத்தலைத் தன் சட்டத்தாற் றடுத்துள்ளது. சீனம் 2021 மார்ச்சு முதல் அதனைக் குற்றவியற் சட்டத்துட் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் 2021 சூலையில் நெறிமுறைகளை வகுத்தது; அவை அறிவுரையேயன்றி ஆணையல்ல. 2023 மார்ச்சில் இலண்டனிற் கூடிய பேரவையும், வழிவழிச் செல்லும் திருத்தம் இப்பொழுது ஏற்கத்தக்கதன்று என்றது. ஒரு நாட்டில் தடுக்கப்பட்டோன் மறுநாட்டிற்குக் கப்பலேறுதல் எளிதாகலின், எல்லா நாடுகளையும் பிணிக்கும் பொதுவிதி இன்னும் வேண்டப்படுகின்றது. அஃது அமையுங்காறும், செய்வானுடைய மனச்சான்றும் பழியச்சமுமே வேலியாம்.

இறுதியாக ஒன்று கூறி அமைவாம். திருத்தப்பட்டுப் பிறந்த அம்மகவுகள் இன்று சிறுமியராய் வாழ்கின்றனர். செய்தவர்மேற் செல்லும் பழி அவர்மேற் செல்லற்பாலதன்று. அவ்வுடம்புகளும், எவர் கைபட்டனவாயினும், அவ்வுயிர்கள் மலம் நீங்கி உய்தற்பொருட்டு இறைவன் கூட்டிய கருவிகளே யாம். அவரைப் புதுமைப் பொருளெனக் கூர்ந்து நோக்காது, ஏனைக் குழந்தைகளைப்போல மறைவும் அன்பும் பெற்று வளரவிடுதல் உலகத்தார் கடன். கருவைத் தொடுமுன் அஞ்சுக; பிறந்தபின் அருளுக. இதுவே சித்தாந்திகள் கொள்ளத்தகும் நெறியெனத் துணிகின்றாம்.